866 மெகாஹெர்ட்ஸ் ஆம்ப்ளிஃபயர் தானாக ஆசிலேட் ஆகிறது: கோளாறு கிரவுண்டிலா, பயாஸிலா?

கேள்வி:
1.6 மிமீ எஃப்ஆர்-4 (கண்ணாடியிழை) இரண்டடுக்கு போர்டில் எஸ்ஓடி-89 உறையில் வரும் கெயின் பிளாக் (ஆம்ப்ளிஃபயர் ஐசி) ஒன்று போட்டிருக்கிறேன். டேட்டாஷீட் படி 5 வோல்ட், 65 மில்லிஆம்பியர். 5 வோல்ட் சப்ளை 100 நானோஹென்றி சோக் (இண்டக்டர்) வழியாக நேராக அவுட்புட் பின்னுக்குப் போகிறது. பவர் கொடுத்ததும் மின்னோட்டம் 65 காட்டும். ஐந்து நிமிடத்தில் 80ஐத் தாண்டிவிடும். இன்புட்டில் சிக்னலே இல்லாதபோதும் அனலைசரில் 1.7 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முள் (கூர்மையான சிகரம்). கையைக் கிட்டே கொண்டுபோனால் அது நகர்கிறது. சப்ளையில் 100 நானோஃபாரட் சேர்த்தும் பயனில்லை. கிரவுண்ட் டேபிலிருந்து (ஐசியின் அகலமான கிரவுண்ட் கால்) 4 மிமீ தள்ளி, கீழ்த்தளத்தோடு இணைக்கும் 0.3 மிமீ வியா (செம்பு பூசிய துளை) ஒன்று இருக்கிறது.

பதில் 1:
அந்த ஒற்றை வியாதான் முதல் குற்றவாளி. 1.6 மிமீ போர்டில் 0.3 மிமீ வியா சுமார் 1.3 நானோஹென்றி. 1.7 கிகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 14 ஓம். 4 மிமீ தடம் அதற்கு மேல். இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் பொதுவான காலில் இது உட்கார்ந்திருப்பதால், அவுட்புட் மின்னோட்டம் இன்புட்டைத் தொடுகிறது. மீட்டர் அதைப் பூஜ்ய ஓம் என்றுதான் காட்டும், நம்பாதீர்கள். டேபுக்கு அடியிலேயும் ஓரத்திலேயும் எட்டுப் பத்து வியா போடுங்கள். சூடு இறங்கவும் அதுதான் வழி. 0.8 மிமீ போர்டுக்கு மாறினால் வியா ஒன்றின் இண்டக்டன்ஸ் பாதிக்கும் கீழே வரும். 50 ஓம் தடமும் சுமார் 3 மிமீயிலிருந்து 1.5 மிமீயாகச் சுருங்கும். ‘ஆர்எஃப் கிரவுண்ட் தனி, டிசி கிரவுண்ட் தனி’ என்று கீழ்த்தளத்தை வெட்டிவிடாதீர்கள். திரும்பும் மின்னோட்டம் சிக்னல் தடத்துக்கு நேர் கீழேதான் ஓடும். வெட்டினால் சுற்றி வரும்.

பதில் 2:
80ஐத் தாண்டுவது பயாஸ் (ஐசியின் டிசி இயங்கு மின்னோட்டத்தை அமைப்பது) கோளாறு. சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் குறையும், மின்னோட்டம் கூடும். தடுக்க ரெசிஸ்டர் இல்லை. 12 வோல்ட் சப்ளை இருந்தால், இடையில் போட வேண்டிய ரெசிஸ்டர் (12 − 5) ÷ 0.065, அதாவது 108 ஓம். மின்னோட்டம் 10 மில்லிஆம்பியர் ஏறினால் ரெசிஸ்டரில் 1 வோல்ட் கூடுதலாக விழும், ஐசிக்குப் போகும் வோல்டேஜ் தானாக இறங்கும். அதில் 0.46 வாட் எரியும். 1206 அளவு ரெசிஸ்டர் ஒன்று தாங்காது. 430 ஓம் நான்கைப் பேரலலில் போடுங்கள்.

வரிசை: அவுட்புட் பின், சோக், அந்த முனையிலிருந்து கிரவுண்டுக்கு 47 பிகோஃபாரட், பிறகு ரெசிஸ்டர், சப்ளை பக்கம் 100 நானோஃபாரட்டும் 10 மைக்ரோஃபாரட்டும். 0603 அளவு 100 நானோஃபாரட் 20 மெகாஹெர்ட்ஸ் வாக்கிலேயே ரெசனன்ஸ் தாண்டிவிடும். அதற்கு மேல் அது இண்டக்டர். 866க்கு வேலை செய்வது 47தான். அதன் கிரவுண்ட் காலுக்கும் தனி வியா வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. புது போர்டு வரும்வரை இதையே சரிசெய்ய முடியுமா?

பதில் 1:
முடியும். டேபின் இரு பக்கமும், எவ்வளவு ஒட்டி முடியுமோ அவ்வளவு ஒட்டி, 1 மிமீ துளை போட்டு, மெல்லிய செம்புத் தகட்டை நுழைத்து இருபுறமும் சாலிடர் செய்யுங்கள். இன்புட், அவுட்புட் இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேஷன் வைத்துப் பாருங்கள். முள் கிகாஹெர்ட்ஸில் நின்றால் கிரவுண்டு இன்னும் போதவில்லை; சிக்னலின் இருபுறமும் சில மெகாஹெர்ட்ஸ் தள்ளி முளைத்தால் பயாஸ் பாதை. மின்னோட்டம் பார்க்க மீட்டர் முனையை ஐசி காலில் வைக்காதீர்கள், அந்த ஒயரே ஆண்டெனா. 108 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே அளந்து பாருங்கள். 7 வோல்ட் வந்தால் 65 மில்லிஆம்பியர்.