நெய்வேலியில் கரி இருப்பது எப்படித் தெரிந்தது?

கவிதா, வேளச்சேரி:
எங்கள் ஆயாவுக்கு நெய்வேலிப் பக்கம் ஒரு கிராமம். அந்த ஊர் இருந்த இடம் இப்போது சுரங்கம். "எங்க பக்கம் போர் போட்டா தண்ணியோட கரி வரும்" என்று அடிக்கடி சொல்வார். இது நிஜமா, ஊர்க்கதையா? அப்புறம், 1930களிலேயே தெரிந்துவிட்டது என்றால் சுரங்கம் வெட்ட ஏன் அத்தனை வருஷம் ஆனது?

ராஜாராமன், குரோம்பேட்டை:
நிஜம்தான் அம்மா. நான் அந்தச் சுரங்கத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன். 1934 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார், தண்ணீரோடு கறுப்பாக ஏதோ பீறிட்டது, அதை அவர் சும்மா விடாமல் அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தினார். அவர் பெயரைச் சொல்லாமல் நெய்வேலிக் கதையைச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் அதே தண்ணீர். கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பலத்த அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே இருக்கும் மண்ணை எடுத்தால் பாரம் குறைந்து, அந்தத் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு சுரங்கத்துக்குள் வந்துவிடும். அதனால் வரிசையாகப் போர் போட்டு இராப்பகலாக இறைத்துக்கொண்டேதான் கரி வெட்ட முடியும், இன்றைக்கும் அப்படித்தான். 1956 நவம்பரில் சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் பதிவானது, 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், ஆனாலும் கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நாலு வருஷம் வெறும் மண் எடுத்திருக்கிறார்கள்! அதுவும் லேசான மண் இல்லை, கடலூர் மணற்கல். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் மெஷின்களின் (பெரிய சக்கரத்தில் வாளிகள் வைத்து மண்ணை வெட்டி அள்ளுபவை) பல்லையே தேய்த்துவிடும், வெடி வைத்துத் தளர்த்தித்தான் வெட்ட வேண்டும்.

செந்தில், அம்பத்தூர்:
சார் சொன்னதோடு ஒன்று. நெய்வேலிக் கரி பழுப்பு நிலக்கரி, கல் மாதிரி இருக்காது. கல்லூரியில் படிக்கும்போது கூட்டிப்போனார்கள், அப்போதுதான் வெட்டிய ஒரு கட்டியைக் கையில் வாங்கினேன், ஈரமாக, காபித்தூள் நிறத்தில், மர ரேகை அப்படியே தெரிந்தது. வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன், ஒரு வாரத்தில் காய்ந்து வெடித்து உதிர்ந்துவிட்டது. எடையில் பாதி தண்ணீர்தான், ரயிலில் ஏற்றித் தூரம் அனுப்பினால் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுத்த கணக்கு. அதனால்தான் சுரங்கத்தை ஒட்டியே அனல்மின் நிலையம் கட்டினார்கள், சோவியத் உதவியோடு 1962இல் மின்சாரம் வர ஆரம்பித்தது.

இன்னொன்று, மழை பொய்த்து வீராணம் வற்றிய வருஷங்களில் சென்னைக் குழாய்களுக்கு நெய்வேலித் தண்ணீரும் வந்திருக்கிறது. ஆயா ஊர்த் தண்ணீரை வேளச்சேரியில் நீங்களும் குடித்திருக்கலாம்.

கவிதா, வேளச்சேரி:
ரொம்ப நன்றி ராஜாராமன் ஐயா, செந்தில். ஆயாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முதலியார் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மெஷின் பல் தேய்ந்ததைச் சொன்னபோது, "பின்னே, கடப்பாரையே வளையும் அந்த மண்ணுல" என்றார். சுரங்கத்துக்காக இறைத்து வாய்க்காலில் விட்ட தண்ணீரில்தான் துணி துவைப்பார்களாம். விடியற்காலையில் வெதுவெதுவென்று இருக்குமாம்.