பொனட்டில் கல் தெறித்த புள்ளிகள்: செரமிக் அடிப்பதா, பிலிம் ஒட்டுவதா?

வெள்ளவத்தை_பிரியஸ்

வணக்கம் எல்லோருக்கும். என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு பிரியஸ், பேர்ள் வெள்ளை. வீடு வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். கிழமையில் மூன்று நாள் வேலைக்காகக் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போய் வருகிறேன், அதோடு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் அம்மாவைப் பார்க்க யாழ்ப்பாணம்.

போன ஞாயிறு வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வரும்போது பொனட்டின் முன் விளிம்பில் துணி இழுபட்டது. குனிந்து பார்த்தால் ஊசிமுனை அளவிலிருந்து மிளகு அளவு வரைக்கும் பெயின்ட் பெயர்ந்த புள்ளிகள். எண்ணினேன், 23. முன் கண்ணாடிக்கு மேலே கூரை தொடங்கும் விளிம்பில் இன்னும் நான்கு, அதில் ஒன்றைச் சுற்றித் தேநீர்க் கறை மாதிரி மெல்லிய பழுப்பு வளையம். மூன்று கிழமைக்கு முன் அவிசாவளை வீதியில் கருங்கல் ஏற்றிய டிப்பர் ஒன்றின் பின்னால் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டேன், சடசடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதிப் புள்ளி அன்றைக்கு வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு கடையில் காட்டினேன். பெயின்ட்டுக்கு மேல் பூசும் 9எச் செரமிக் திரவத்தை அடித்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், இனிக் கல்லுக்குப் பயமில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் முழு வண்டிக்கும் பெயின்ட்டைக் காக்கும் பிளாஸ்டிக் பிலிம் ஒட்டச் சொன்னார்கள், அந்த விலை எனக்குக் கட்டாது. வேறு வண்டி மாற்றவும் வழியில்லை, 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திரும்பத் திறந்தாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் என் சம்பளத்துக்கு எட்டாது. இந்த வண்டியைத்தான் இன்னும் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். உண்மையில் எது உதவும்? ஏற்கெனவே விழுந்த புள்ளிகளை என்ன செய்வது?

மூன்றாம்கியர்

செரமிக்குக்குக் காசு கட்ட முன் கொஞ்சம் பொறுங்கள். நான் போட்டிருக்கிறேன், நல்ல சாமான்தான், காக எச்சம் தண்ணீர் பட்டதும் வழுகிப் போய்விடும், கழுவும் நேரம் பாதியாகும். ஆனால் போட்டு ஒரு மாதத்துக்குள் காலியிலிருந்து வரும்போது அதிவேகப் பாதையில் ஒரே ஒரு கல், பொனட்டில் தகடு தெரிந்தது. கல்லுக்கு அது மருந்தில்லை.

டிங்கரிங்_பட்டறை

தம்பி, நான் பெயின்ட் வேலையில் 26 வருடம். கேட்டது நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கம்பனியிலிருந்து வரும் பெயின்ட், அடியில் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், மேலே நிறமில்லாத கிளியர் என்று எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன் (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோன்). போட்டோகொப்பித் தாள் ஒன்று 100 மைக்ரோன் தடிப்பு இருக்கும், அதைக் கையில் எடுத்துப் பாருங்கள், தகட்டுக்கு மேலே இருக்கும் காவல் கிட்டத்தட்ட அவ்வளவுதான். செரமிக் அதற்கு மேல் ஒன்றிரண்டு மைக்ரோன் சேர்க்கும். 9எச் என்று சொல்வது பென்சில் கீறிப் பார்க்கும் சோதனையில் வரும் அளவு, 9எச் பென்சிலால் கீறினால் தழும்பு விழாது என்று பொருள். 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் சல்லிக்கல்லைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. பிலிம் வேறு சாதி. பொலியூரித்தேன், 150 முதல் 200 மைக்ரோன், கல் பட்டால் ரப்பர் மாதிரி அமுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகொப்டர் விசிறிகளை மண்ணும் கல்லும் அரிக்காமல் இருக்க ஒட்டிய சாமான்தான் பிறகு காருக்கு வந்தது.

ஆனால் இப்போது இருக்கும் புள்ளிகளை அப்படியே விட்டு மேலே பிலிம் ஒட்ட வேண்டாம். துரு பிடித்த இடத்தை மூடினால் அது உள்ளேயே படரும், வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இன்றைக்கு இரவு ஒரு டோர்ச் எடுத்துச் சாய்வாக அடித்து ஒவ்வொரு புள்ளியாகப் பாருங்கள், நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். குழிக்குள்ளும் வெள்ளையாகவே இருந்தால் மேல் பூச்சு மட்டும் போயிருக்கிறது, அவசரமில்லை. சாம்பல் என்றால் பிரைமர். மினுங்கினால் தகடு. அப்புறம் பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிப் பொனட்டில் வையுங்கள். உங்கள் மொடலுக்குப் பொனட் அலுமினியம், காந்தம் நிற்காது. அலுமினியம் செந்துரு பிடிக்காது, ஆனால் உப்புக் காற்றில் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி மாதிரி அரித்துக் கொப்பளிக்கும். கூரையும் மட்காட்டும் இரும்பு. பஃபர் (பம்பர்) பிளாஸ்டிக், அங்கே தெறித்தால் அழகு கெடும், வேறு ஒன்றும் ஆகாது. ஆகவே 23 புள்ளியை விட எனக்குக் கவலை கூரையில் இருக்கும் அந்த ஒரு பழுப்பு வளையம்தான். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறீர்கள், அதை இந்தக் கிழமையே பாருங்கள்.

வெள்ளவத்தை_பிரியஸ்

மிக்க நன்றி அண்ணா. காந்தம் வைத்தேன், பொனட்டில் வழுகி விழுந்தது, மட்காட்டில் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடம் ஓட்டியும் தெரியாது. டோர்ச்சில் பார்த்ததில் பொனட்டில் ஆறு புள்ளி மினுங்குகிறது, மற்றவை சாம்பலும் வெள்ளையும். கூரைப் புள்ளியை நகத்தால் தொட்டதும் ஓரத்தில் பெயின்ட் சின்னச் செதிலாகக் கழன்று வந்தது, அடியில் பழுப்பு. பயமாக இருக்கிறது. இதை நானே செய்யலாமா?

ஏ9_இரவுப்பயணி

பட்டறை அண்ணா சொன்னதற்கு மேல் ஒன்று. நான் மாதத்துக்கு நாலு தரம் கொழும்பு யாழ்ப்பாணம் ஓடுகிறேன், புத்தளம் அனுராதபுரம் வழியாகவும் போவேன், குருநாகல் தம்புள்ளை வழியாகவும் போவேன். பிலிம், செரமிக் எதுவுமே இல்லாமல் ஏழு வருடமாக என் பொனட்டில் எண்ணினால் பத்துப் புள்ளி இருக்கும். காரணம் இடைவெளி மட்டும்தான். கல்லை எறிவது முன்னால் போகும் ரயர், எறிந்த கல் கீழே இறங்க நேரம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் ஆறுதலாக மூன்று எண்ணுங்கள், அதற்குப் பிறகுதான் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வர வேண்டும். 100இல் போகும்போது அது 80 மீற்றருக்கு மேல். டிப்பர் என்றால் இன்னும் கூட. தார்ப்பாய் கட்டாத லோட் என்றால் நான் ஓரமாக நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவேன், பத்து நிமிடம் போனால் போகட்டும்.

வேகமும் அப்படியே. 60இல் படும் அடியை விட 100இல் படும் அடி கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஏனென்றால் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வீதித் திருத்த வேலை நடந்து புதிதாகச் சல்லி கொட்டியிருக்கும் இடத்தில் எல்லோரும் முந்துவார்கள், அங்கேதான் 40க்கு இறக்க வேண்டும்.

இன்னொன்று, ரயருக்குப் பின்னால் தொங்கும் மட் பிளாப் இருக்கிறதா பாருங்கள். முன் ரயர் எறியும் கல் உங்கள் பின் கதவின் அடியிலும் பின் மட்காட்டின் முன் ஓரத்திலும்தான் படும். அகல அலோய் வீல் போட்டு ரயர் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் பக்கப் பெயின்ட் முழுக்கப் பொத்தல் விழும். ஒரு சோடி மட் பிளாப்புக்கு என்ன பெரிய காசு.

தெஹிவளை_கடற்காற்று

பிலிம் ஒட்ட முடிவு எடுத்தால் என் அனுபவத்தையும் கேளுங்கள் தம்பி. போன வருடம் முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டினேன், கடையின் பெயர் வேண்டாம். பஃபர் ஏற்கெனவே ஒரு தரம் திரும்ப அடித்தது, அதை அவர்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஒரு மூலை சரியாக உட்காரவில்லை என்று உரித்து ஒட்டும்போது பிலிமோடு பெயின்ட்டும் உள்ளங்கை அளவுக்குக் கழன்று வந்துவிட்டது. பொனட்டிலும் வண்டியின் மேலேயே வைத்துப் பிளேட்டால் வெட்டியிருக்கிறார்கள், ஓரத்தில் நீளமாகக் கீறல். இன்றைக்கும் வண்டியைக் கழுவும்போது அந்தக் கோட்டைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. கணினியில் அளவு போட்டு வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் பொலியூரித்தேனா பீவீசியா என்று கேளுங்கள். பீவீசி மலிவுதான், ஆனால் எங்கள் வெயிலில் மஞ்சளித்து மொறுமொறுவென்று போகும், பிறகு உரிப்பது பெரிய வேலை.

இத்தனைக்குப் பிறகும் பிலிம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சரியாக ஒட்டிய பொனட் பகுதியில் ஒரு கல் பட்ட அடையாளம் பிலிமில் இருக்கிறது, அடியில் பெயின்ட்டுக்கு ஒன்றுமில்லை. மெல்லிய கீறல்கள் மத்தியான வெயிலில் நின்றால் தானாகவே மறைகிறது.

டிங்கரிங்_பட்டறை

அக்கா சொன்னது மிகச் சரி. திரும்ப அடித்த பெயின்ட் கம்பனிப் பெயின்ட் மாதிரிப் பிடிக்காது. ஜப்பானிலிருந்து வரும்போதே பஃபர் அடித்து வந்திருக்கலாம், ஹெட்லைட் ஓரத்திலும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் பெயின்ட் தூறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒட்டும் ஆளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தம்பி, கூரைப் புள்ளியை நீங்கள் தொட வேண்டாம், செதில் கழன்றால் துரு அடியில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம், சுரண்டி எடுத்து முறையாக அடிக்க வேண்டும். பொனட் புள்ளிகளை நீங்களே செய்யலாம். வெயிலில் வேண்டாம், நிழலில், தூசி இல்லாத இடத்தில். முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவி, தார் இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுத்துத் திரும்பக் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரொபைல் அல்ககோலால் ஒவ்வொரு குழியையும் துடையுங்கள், மெழுகு மிச்சம் இருந்தால் எதுவும் பிடிக்காது. கழன்று நிற்கும் ஓரத்தைப் பல்குத்தும் குச்சியால் தட்டி எடுத்துவிடுங்கள். மினுங்கும் ஆறுக்கும் வெறும் தகட்டில் பிடிக்கும் எட்ச் பிரைமர் ஒரு சொட்டு, துருமாற்றித் திரவம் இரும்புக்குத்தான், அலுமினியத்துக்கு வேலைக்கு ஆகாது. அப்புறம் நிறம். போத்தல் மூடியில் வரும் தூரிகை பெரிது, புள்ளியை விட்டு வெளியே பூசிவிடும், குச்சியின் நுனியில் தொட்டுக் குழியின் நடுவில் வையுங்கள், அது தானாகப் பரவும். ஒரே தரத்தில் நிரப்பப் பார்த்தால் உள்ளே காயாமல் சுருங்கும். மெல்லியதாக மூன்று நான்கு தரம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் காய விட்டு, கடைசியில் கிளியர். ஒரு கிழமை கழித்து மேடாக நின்றால் மட்டும் 2000 வோட்டர் பேப்பரை, அதாவது மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்துப் பொலிஷ் போடுங்கள்.

பிலிம் ஒட்டுவது அதற்குப் பிறகு. இந்தப் புள்ளிகளுக்கும், நான் அடிக்கும் கூரைக்கும் குறைந்தது ஒரு மாதம் ஆற விடுங்கள். முழு வண்டிக்கும் தேவையில்லை. பொனட், பஃபர், கூரையின் முன் விளிம்பு, சைட் மிரர் இரண்டும், அவ்வளவு போதும்.

வெள்ளவத்தை_பிரியஸ்

சரி அண்ணா. கூரையைச் சனிக்கிழமை கொண்டுவருகிறேன், பொனட்டை நான் செய்கிறேன், மட் பிளாப் நாளைக்கே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பார்க்கிறேன். பிலிமுக்கு அடுத்த மாதம் கடைகளில் அக்கா சொன்ன கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். வண்டியின் விவரத் தகட்டில் நிறக் குறியீடு வரும் சி/டிஆர் என்ற இடத்துக்குப் பக்கத்தில் 070 என்று இருக்கிறது, இந்த எண்ணைச் சொன்னால் ஒரு போத்தலில் கலந்து கொடுப்பார்களா?

டிங்கரிங்_பட்டறை

ஒரு போத்தலில் சரிவராது தம்பி. 070 மூன்று பூச்சு நிறம், அடியில் வெள்ளை, அதற்கு மேல் பேர்ள், பிறகுதான் கிளியர். வெள்ளையை மட்டும் வைத்தால் சுண்ணாம்புப் பொட்டு மாதிரித் தனியாகத் தெரியும். வெள்ளை ஒன்று, பேர்ள் ஒன்று என்று இரண்டு சின்னப் போத்தலாகக் கேளுங்கள். வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள், முதல் புள்ளியை நான் வைத்துக் காட்டுகிறேன்.