புதுப் பிஸ்டலைப் பழக்க எத்தனை தோட்டா வேண்டும்?

காங்கேயத்தான்
வணக்கங்க. ஊர் காங்கேயம் பக்கம், வேலை டெக்சாஸில். காட்டுப்பன்றி வேட்டைக்காக 10 எம்எம் தோட்டா போடும் பிஸ்டல் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். இங்கே அதற்குச் சட்டத் தடை இல்லை. தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் இருந்தால் போதும், பன்றிக்கு வேட்டை லைசென்ஸ்கூட 2019 செப்டம்பரிலிருந்து தேவையில்லை. கம்பெனிப் பெயர் வேண்டாம், கேள்வி அதைப் பற்றியதல்ல.

முதல் 100 பயிற்சித் தோட்டாவில் 3 முறை சிக்கியது. இரண்டு முறை ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) முழுதாக முன்னால் வரவில்லை, ஒரு முறை காலி கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) வெளியே விழாமல் நட்டுக்கொண்டு நின்றது. அடுத்த 100 சுத்தமாக ஓடியது. அப்புறம் வேட்டைத் தோட்டா போட்டேன்: 200 கிரெய்ன் (குண்டின் எடை), கெட்டி ஈயம், தட்டை முனை. 20 சுட்டதில் 2 முறை குண்டின் முனை பேரலின் (குழலின்) பின்பக்க வாயில் இடித்து நின்றது. 500 வரைக்கும் சுட்டால் பழகிவிடும் என்கிறார் நண்பர். தோட்டாவை மாற்று என்கிறார் இன்னொருவர். துப்பாக்கியைத் திருப்பிக் கொடு என்பவரும் உண்டு. எது சரிங்க?

பீளமேடு லேத்து
500 சுடுங்க. நான் 22 வருடமாக லேத்திலும் மில்லிங்கிலும் நிற்கிறவன், அதை வைத்தே சொல்கிறேன். புது உலோகப் பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்பு உரசும்போது அந்த மேடுகள் தேய்ந்து ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கும். புது மோட்டாரில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிளாண்டு கயிற்றை முதல் நாளே இறுக்கிவிட்டால் ஷாஃப்ட் சூடேறிப் போகும். தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்குவோம். புது புல்லட் வண்டியை வாங்கின அன்றே 100-இல் ஓட்டுவோமா?

பிஸ்டலிலும் ஸ்லைடு ஓடும் தடம், பேரல் பூட்டும் இடம், தோட்டா அடுக்கும் மேகசினின் ஸ்பிரிங் எல்லாம் அப்படித்தான். முதல் 100-இல் 3, அடுத்த 100-இல் ஒன்றுமில்லை. நீங்கள் கொடுத்த கணக்கே அதைத்தான் சொல்கிறது. வேட்டைத் தோட்டா முனை இடிக்கிறதென்றால் பேரலின் பின்வாயில் குண்டு ஏறும் சரிவை 1000 நம்பர் எமரி தாள் வைத்து லேசாக மெருகேற்றலாம்.

ரேஞ்ச் அக்கா
தம்பி லேத்து, தயவுசெய்து அந்த எமரி தாளைக் கீழே வையுங்கள். அந்தச் சரிவில் உலோகத்தைக் குறைத்தால் கேஸின் அடிப்பகுதி தாங்கலில்லாமல் வெளியே தெரியும். 10 எம்எம் அழுத்தத்தில் பித்தளை அந்த இடத்தில் கிழிந்தால் வாயு மேகசின் வழியாகக் கைக்கு வரும். கம்பெனி மெக்கானிக் செய்ய வேண்டிய வேலையை யாரும் வீட்டில் செய்யக்கூடாது.

500 என்ற எண்ணையும் நான் ஏற்கவில்லை. ஈரோட்டில் பிள்ளைகளுக்குச் சுடப் பழக்குகிறேன். புதுத் துப்பாக்கி சிக்கினால் எல்லாரும் "பழகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள், காரணத்தைத் தேடுவதில்லை. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவத் தேர்வில், துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் பிஸ்டல் 6000 தோட்டாவை ஒரு தடவைகூடச் சிக்காமல் சுட்டது. சூடேறினால் தண்ணீரில் முக்கிவிட்டு மறுபடி சுட்டார்கள். அளவு சரியாக இருந்தால் இயந்திரம் முதல் நாளே ஓடும்.

காங்கேயத்தாரே, நீங்கள் சொன்னது ஒரு கோளாறு அல்ல, மூன்று வேறு கோளாறு. ஸ்லைடு முழுதாக வராதது எண்ணெய் போதாமையாகவும் இருக்கலாம், மணிக்கட்டு தளர்ந்ததாகவும் இருக்கலாம். கை தளர்ந்தால் பிடியும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. கேஸ் நட்டுக்கொண்டு நிற்பதற்கும் பல நேரம் அதே காரணம்தான். முனை இடிப்பது குண்டின் வடிவமோ மேகசினோ. இதையெல்லாம் ஒரே "பழகாத துப்பாக்கி" கணக்கில் போட்டால் எது தீர்ந்தது என்று எப்படித் தெரியும்? மேகசின்களில் 1, 2, 3 என்று பெயின்டால் எழுதுங்கள். ஒவ்வொரு சிக்கலும் எந்த மேகசினில், எத்தனையாவது தோட்டாவில், யார் கையில் என்று நோட்டில் குறியுங்கள்.

பீளமேடு லேத்து
அக்கா, எமரி தாள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் 1911 உதாரணம் எனக்கு ஒப்பவில்லை. அந்தத் தேர்வுத் துப்பாக்கி பிரௌனிங் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்தது. கடையில் வாங்குவது அப்படியா? இறுக்கமான அளவில் செய்யும் சில கம்பெனிகள் 400, 500 தோட்டா சுட்ட பிறகே முழுச் செயல்பாட்டை எதிர்பாருங்கள் என்று கையேட்டிலேயே எழுதுகின்றன. செய்தவனே சொல்வதைத் தள்ளலாமா?

இன்னொன்று. அவர் பயிற்சிப் பெட்டியில் வேகம் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 180 கிரெய்ன், நொடிக்கு 1030 அடி என்ற அளவில்தான் மலிவுப் பயிற்சித் தோட்டாக்கள் வருகின்றன. ஆற்றல் 424 அடி-பவுண்டு. வேட்டைத் தோட்டா 200 கிரெய்ன் 1200 அடியில் வந்தால் 640. புது ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும்போது மெதுவான தோட்டாவால் ஸ்லைடைக் கடைசிவரை தள்ள முடியாமல் போகலாம். ஓட ஓட அது இளகும்.

அந்தியூர் தோட்டத்தான்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எனக்கு வயது 61. இந்த வருடம் ஒன்றே கால் ஏக்கர் மக்காச்சோளம் பன்றியால் போயிற்று. மரவள்ளியும் போட்டிருந்தேன், கிழங்கோடு உழுதுவிட்டது. ராத்திரி தகரம் தட்டி, டார்ச் அடித்து, காவல் இருந்து பார்த்தாயிற்று. தற்காப்புக்கு லைசென்ஸில் பாயிண்ட் 32 பிஸ்டல் ஒன்று வைத்திருக்கிறேன். புத்தகத்தில் வருடத்துக்கு 50 தோட்டாதான் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் பழக்குவதற்கே 500 என்கிறீர்கள், எனக்கு அது 10 வருடம். தோட்டத்துக் கிணற்றுக்குள் இரண்டு சுட்டுப் பார்த்தால் போதும் என்று பங்காளி சொல்கிறார். அப்புறம் இதையே பன்றிக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் ஒரு எண்ணம்.

ரேஞ்ச் அக்கா
ஐயா, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. எங்கள் மாமனார் தோட்டத்திலும் நிலக்கடலை இப்படித்தான் போயிற்று. ஆனாலும் இரண்டுமே வேண்டாம்.

நம் பக்கத்துக் கிணறு கல்லில் வெட்டினது. பாறையில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே எட்டிப் பார்க்கிற முகத்துக்கே வரலாம். அனுமதி பெற்ற துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் மட்டும் சுடுங்கள்.

பன்றி விஷயம். பாயிண்ட் 32-இல் 71 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 900 அடியில் போகிறது. ஆற்றல் 128 அடி-பவுண்டு, காங்கேயத்தார் போடும் தோட்டாவில் ஐந்தில் ஒரு பங்கு. வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள் மேல் குருத்தெலும்பு போல ஒரு கவசம் இருக்கும். அதில் பட்டால் பன்றி சாகாது, காயத்தோடு மக்காச்சோளத்துக்குள் நின்று விடிகாலையில் தண்ணீர் கட்டப் போகிறவர் மேல் பாயும். சட்டமும் இடம் தரவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் பன்றியைச் சுட முடியாது. 1959 ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கென்று சொல்வதும் குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை, அது போதாதென்றால் உள்ளே வரி இல்லாத குழல் கொண்ட வேறு துப்பாக்கியைத்தான், பிஸ்டலை அல்ல. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தது உங்களுக்குப் பயன்படலாம்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், 3-க்கு அப்பால் என்றால் வனத்துறையினர் சுடலாம். உங்கள் தோட்டம் எந்தத் தூரத்தில் என்று பார்த்து வனத்துறை ரேஞ்சர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பயிர் இழப்பீட்டு மனுவையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் 50 தோட்டாவில் 30-ஐ, தற்காப்புக்கு வைத்திருக்கும் அதே வகையில், ரேஞ்சில் நிதானமாகச் சுடுங்கள். பழைய தோட்டா வெடிக்காமல் போனால் உடனே ஸ்லைடை இழுக்க வேண்டாம். குழலை இலக்குப் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடி பொறுங்கள். சத்தம் மட்டும் சப்பென்று கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது, குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கும். இன்னொன்று, தினமும் இரவில் ஏற்றிக் காலையில் இறக்கும் அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள். குண்டு கேஸுக்குள் உள்வாங்கி அழுத்தம் ஏறும்.

பீளமேடு லேத்து
ஐயாவுக்கு அக்கா சொன்னதில் எனக்கும் மாற்றமில்லை. ஆனால் எண்ணிக்கை முக்கியமில்லை என்பதை மட்டும் விடமாட்டேன். எங்கள் தரக்கட்டுப்பாட்டில் ஒரு கணக்கு உண்டு. ஒரு பொருளை இத்தனை முறை சோதித்து ஒரு முறையும் தவறவில்லை என்றால், 3-ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ள வேண்டும். உண்மையான தவறு விகிதம் அதற்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 20 தோட்டா சிக்காமல் ஓடினாலும் நூற்றுக்கு 15 வரை சிக்க இடமிருக்கிறது. 50 என்றால் 6. 200 என்றால் ஒன்றரை. அவருக்கு 20-இலேயே 2 சிக்கியிருக்கிறது. வேட்டைத் தோட்டா விலை அதிகம், ஒரு பெட்டியோடு நிறுத்திக்கொண்டு காட்டுக்குள் போகிறவர்கள்தான் அதிகம். எனக்குப் பயம் அதில்தான்.

ரேஞ்ச் அக்கா
அந்தக் கணக்கு நல்ல கணக்கு, எனக்குப் புதிது. ஆனால் தம்பி, அது சோதனைக்கான கணக்கு, பழக்குவதற்கானது அல்ல. பயிற்சித் தோட்டாவில் 500 சுட்டாலும் வேட்டைத் தோட்டாவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நான் சொல்வது இவ்வளவுதான்: எதை ஏற்றிக்கொண்டு போகிறாரோ அதைத்தான் எண்ண வேண்டும்.

காங்கேயத்தான்
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இருவர் சொன்னதையும் செய்து பார்த்தேன்.

மேகசின்களுக்கு எண் போட்டேன். எண்ணெய் விட்டு, என்னைவிடக் கை உறுதியான நண்பரிடம் கொடுத்து 100 பயிற்சித் தோட்டா சுடச் சொன்னேன், சிக்கவில்லை. அன்றே என் கையில் 50-இல் ஒன்று சிக்கியது. ஆக முதல் மூன்றில் என் பிடிக்கும் பங்கு உண்டு. அடுத்த 100-இல் சிக்காதது துப்பாக்கி பழகியதாலா, நான் பழகியதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. லேத்து அண்ணன் இதை மறுப்பார், தெரியும்.

கெட்டி ஈயத் தோட்டா மூன்று மேகசினிலும் இடித்தது, நண்பர் கையிலும் இடித்தது. அதை விட்டுவிட்டேன். தாமிர உறை போட்ட 200 கிரெய்ன் வாங்கினேன், முனையின் தட்டை கொஞ்சம் சிறியது. 60 சுட்டாயிற்று, ஒன்றும் சிக்கவில்லை. 25 கெஜத்தில் பயிற்சித் தோட்டாவைவிட இரண்டு அங்குலம் மேலே படுகிறது, அதனால் குறிபார்க்கும் சைட்டை இதற்கே வைத்துக்கொண்டேன். 200 ஆக இன்னும் 140 பாக்கி. சம்பளம் வந்ததும் வாங்கிச் சுட்டுவிட்டுத்தான் பன்றிக்குப் போவேன். அதுவும் 25 கெஜத்துக்குள் பக்கவாட்டில் நின்றால் மட்டும்.

பீளமேடு லேத்து
மறுக்கத்தான் செய்வேன். உங்கள் கை ஒரே வாரத்தில் பழகியிருந்தால் மறுபடி எப்படிச் சிக்கியது? ஆனால் அந்த 140-ஐ எங்கள் கணக்குப்படி முடிக்கிறீர்கள் பாருங்கள், அது போதும் எனக்கு.

அந்தியூர் தோட்டத்தான்
அக்கா சொன்னபடி மனு கொடுத்தேன். தோட்டம் காட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஆகவே கூண்டுதான் என்றார்கள். பிஸ்டலை ரேஞ்சுக்குக் கொண்டுபோய் 30 சுட்டேன். 17-ஆவது வெடிக்கவில்லை. 30 விநாடி எண்ணிவிட்டுத்தான் இழுத்தேன் அம்மணி.