கேசியோ எஸ்கே-1 கீபோர்டுக்கு ரவுட்டர் அடாப்டர் போடலாமா?

கேள்வி:
பேட்டரி போட்டால் இந்த இசைக் கீபோர்டு நன்றாக ஒலிக்கிறது. அதற்குரிய அடாப்டர் மட்டும் இல்லை. கையில் 9 வோல்ட், 1 ஆம்பியர் ரவுட்டர் அடாப்டர் இருக்கிறது, பிளக்கும் சரியாக நுழைகிறது. ஆம்பியர் அதிகம் என்பதால் உள்ளே கருகிவிடுமோ என்றுதான் யோசனை.

பதில் 1:
ஆம்பியரை விடுங்கள். கீபோர்டு தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். ஆபத்து துருவத்தில். ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். எஸ்கே-1க்கு நடுவில் மைனஸ், வெளிவளையம் பிளஸ். பிளக் நுழைவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.
வோல்ட் கணக்கு எளிது: 5 ஏஏ பேட்டரி, ஒவ்வொன்றும் 1.5, ஆக 7.5. கேசியோவின் ஏடி-1 அடாப்டரும் அதேதான்.

பதில் 2:
மல்டிமீட்டர் இருந்தால் யார் சொல்லையும் நம்ப வேண்டாம். பேட்டரிகளைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, மீட்டரைப் பீப் நிலையில் (இரு முனைகளுக்கிடையே இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வையுங்கள். ஒரு முனை சாக்கெட்டின் நடுப் பின்னில், மறுமுனை பேட்டரி வரிசை முடியும் மைனஸ் தகட்டில். பீப் வந்தால் நடு மைனஸ். இடையில் இருக்கும் தகடுகளைத் தொட்டுக் குழம்பாதீர்கள்.
அடாப்டரையும் அளந்துவிடுங்கள்: சிவப்பு முனை பிளக் துளைக்குள், கறுப்பு வெளிவளையத்தில். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால்தான் இந்தக் கீபோர்டுக்கு ஆகும். பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் சுமையில்லாமல் அச்சிட்டதைவிட மூன்று நான்கு வோல்ட் கூடக் காட்டும், அது பழுதல்ல.

கேள்வி கேட்டவர்:
பீப் வந்தது, நடு மைனஸ்தான். அடாப்டரில் கழித்தல் குறி வரவில்லை. அப்படியானால் எதை வாங்குவது?

பதில் 1:
3 முதல் 12 வோல்ட் வரை மாற்றக்கூடிய, முனையைத் திருப்பிச் செருகும் யுனிவர்சல் அடாப்டர், 500 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல். 7.5இல் வைத்து, துருவத்தை அளந்த பிறகே செருகுங்கள். தவறுதலாக 12க்கு நகராமல் தேர்வு சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுவது நல்லது.

பதில் 3:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவான எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்பார்மர் இல்லாத, எடை குறைந்த வகை) அடாப்டரில் ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி வரலாம். பேட்டரியில் வராமல் அடாப்டரில் மட்டும் வந்தால் கீபோர்டைத் திறக்க வேண்டாம், வேறு அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பிளக்கை அசைக்கும்போது விட்டு விட்டு அணைந்தால் பிளக்கின் துளை 2.1 மில்லிமீட்டருக்குப் பதில் 2.5 ஆக இருக்கும், அல்லது சாக்கெட்டின் சால்டர் விரிசல் விட்டிருக்கும்.