நுளம்பு வலை அடித்த வீட்டில் பூனைக்கு வழி எங்கே வைப்பது?

கொக்குவில் வளவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு வேலைகளில் அனுபவமுள்ளவர்கள் பலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் வீடு கொக்குவிலில், அப்பா கட்டியது. முன்னால் விறாந்தை, பின்னால் குசினி. குசினி வாசல் வடக்குப் பார்த்தது. வெளியே கிணற்றடி, வாழை, ஒரு வேம்பு, அதற்கப்பால் கிளுவை வேலி. சென்ற மாரி முடிந்த கையோடு தங்கச்சியின் மகளுக்கு டெங்கு வந்து, பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்தாள். அதன்பிறகு முதல் வேலையாக ஜன்னல் எல்லாவற்றுக்கும் நுளம்பு வலை அடித்தோம். குசினிக் கதவுக்கு வெளிப்புறமாக ஒரு வலைக்கதவும் போட்டோம். நுளம்பு குறைந்தது உண்மை. ஆனால் எங்கள் கடுவன் பூனை கறுவலுக்கு வழி இல்லாமல் போய்விட்டது.

இதுவரை குசினி ஜன்னல் கம்பிகளுக்கிடையால்தான் அவன் வந்து போனான். இப்போது நடுச்சாமத்தில் வந்து வலைக்கதவில் தொங்கிக்கொண்டு கத்துகிறான். வலையின் கீழ் மூலையை நகத்தால் கிழித்து, என் கை போகுமளவுக்கு ஓட்டை ஆக்கிவிட்டான். அவன் குரல் கேட்டால் அம்மாவுக்கு நித்திரை வராது. முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்க் கதவைத் திறந்துவிடுகிறார். என்னை எழுப்பச் சொன்னாலும் எழுப்புவதில்லை. இருட்டில் விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் எனக்குப் பெரிது.

பூனையை யாருக்காவது கொடுத்துவிடு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கொடுக்க மாட்டேன். அப்பா இல்லாத இந்த வீட்டில் அம்மாவின் காலடியில் கிடப்பது அவன்தான்.

கனடாவில் இருக்கும் மச்சாள், பூனை தானே தள்ளிக்கொண்டு போய்வர மடல் தொங்கும் சிறு பூனைக்கதவு ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறாள். அதை எங்கே பொருத்துவது? குசினிக் கதவு அந்தக் காலத்து வேப்பம்பலகைக் கதவு, வெட்ட மனம் வரவில்லை. சுவர் பிளாக் கல்லில் கட்டிப் பூசியது. மற்றது அந்த வலைக்கதவு. மாரியில் வாடைக்காற்று நேரே குசினி வாசலில்தான் அடிக்கும், மடல் ஆடிக்கொண்டே இருக்காதா? பாம்பு பூச்சி வராதா? பக்கத்து வளவுக் கடுவனும் உள்ளே புகுந்துவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தென்மராட்சியான் எழுதியது:

தங்கச்சி, ஓட்டை போடாதீர்கள். நான் சாவகச்சேரியில் இருக்கிறேன். புடையன், நாகம், கட்டுவிரியன், சுருட்டை என்ற நான்கு நச்சுப்பாம்புகளும் நம் குடாநாட்டில் உண்டு. இவற்றில் இரவில் வீட்டுக்குள் வருவதில் கட்டுவிரியனைத்தான் அஞ்ச வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைத்தான் அது கூடுதலாகக் கடிக்கும். கடித்த இடம் பெரிதாக வலிக்காது, பல் பதிந்த அடையாளமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். விடியும் நேரம் இமை தூக்க முடியாமல், மூச்சு எடுக்கக் கஷ்டப்படும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். எங்கள் உறவுக்குள் அப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். அவர் பிழைத்தார். ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை.

இன்னொன்று, பூனை தானே பிடித்ததை உயிரோடு கொண்டுவந்து வீட்டுக்குள் போடும். ஓணான் என்றால் பரவாயில்லை. வயதான அம்மா இருக்கிற வீடு. யோசித்துச் செய்யுங்கள்.

ஓடாவி வீட்டுப் பிள்ளை எழுதியது:

அக்கா, நான் இணுவில். அப்பாவும் அவருடைய அப்பாவும் மரவேலை. நானும் கதவு, ஜன்னல், நிலை செய்துதான் சாப்பிடுகிறேன். பூனைக்கதவு சில வீடுகளுக்குப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். அநேகமாக வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து குடியிருப்பவர்களின் வீடுகள்.

முதலில் பாம்பு. தென்மராட்சி அண்ணர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். இன்று பொழுதுபட்டதும் குசினிக்குள் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவரை டோர்ச் பிடிக்கச் சொல்லி, வேப்பங்கதவின் அடியைக் குனிந்து பாருங்கள். வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் கட்டுவிரியனுக்கு அந்த இடைவெளியே போதும். பழைய கதவுகளில் நிலத்தில் முட்டும் பக்கம் தேய்ந்து, விரல் நுழையுமளவு இடைவெளி விழுந்திருக்கும். எங்கள் வீடுகளில் பாம்பு வருவது கூடுதலாக இப்படித்தான். ஆகவே பூனைக்கதவு வைத்தாலும் வைக்காவிட்டாலும், அந்த அடிக்கு ஒரு மரச்சட்டம் அடித்து அதில் ரப்பர் பட்டி வைத்துவிடுங்கள். இதை எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்காமலே சொல்வேன்.

இனி இடம். வேப்பங்கதவை வெட்ட வேண்டாம். வேம்பைக் கறையான் லேசில் தொடாது, அப்படிப்பட்ட கதவு இனிச் செய்விக்கப் போனால் மரமும் கிடைக்காது, கூலியும் கட்டாது. அந்தக் கதவின் அடிச்சட்டமும் ஒரு சாணுக்குக் குறையாத அகலம் இருக்கும். சட்டத்தை வெட்டினால் பொளியில் (உளியால் குடைந்த துளையில்) கூட்டிய மூட்டுகள் தளர்ந்து கதவு சரியும். சட்டத்துக்கு மேலே பலகையில் வெட்டினால் பூனைக்கு உயரம் கூடிப்போகும். சுவரை உடைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. பிளாக் கல்லைக் குடைந்தால் உள்ளே பொந்து. அதற்குள் குழாய் போல உறை வைத்து, வெளிப்பக்கம் சரிவாகச் சீமெந்து பூச வேண்டும். சரியாகப் பூசாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும், தேளும் குடியிருக்கும்.

வலைக்கதவுதான் சரியான இடம். காரணத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு இப்போது இரண்டு கதவு இருக்கின்றன. பகலில் வேப்பங்கதவு திறந்து, வலைக்கதவு சாத்தியிருக்கும். பூனை வலைக்கதவில் உள்ள வழியால் போய் வரும். இரவில் வேப்பங்கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டால், அந்த ஓட்டை வெளியோடு நின்றுவிடும். பாம்புக்கும் வழி இல்லை, மரநாய்க்கும் வழி இல்லை. அண்ணரின் பயத்துக்கு இதுதான் பதில்.

அப்படியானால் இரவில் கறுவல் எங்கே என்று கேட்பீர்கள். உள்ளே. இதுதான் முழு விஷயமும். உங்கள் அம்மா நடுச்சாமத்தில் எழும்பாமல் இருக்க வேண்டுமென்றால், கதவு வைப்பதோடு பூனையின் நேரத்தையும் மாற்ற வேண்டும். அவனுக்குப் பெரிய சாப்பாட்டைப் பொழுதுபடும் நேரத்தில் மட்டும் வையுங்கள். மீன் தலை, சோறு எதுவானாலும் அந்த நேரம்தான். பகலில் அள்ளிப் போடாதீர்கள். மச்சாள் அனுப்பும் கதவு நான்கு விதமாகப் பூட்டக்கூடியதாக இருக்கட்டும்: இரு பக்கமும் திறந்தது, உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், முழுப்பூட்டு. மாலையில் உள்ளே வர மட்டும் என்ற நிலைக்குத் திருப்பிவிடுங்கள். அவன் சாப்பாட்டுக்கு வருவான், திரும்பிப் போக முடியாது. வந்ததும் வேப்பங்கதவைச் சாத்துங்கள். குசினி மூலையில் அகன்ற தட்டில் மணல் போட்டு வையுங்கள். முதல் கிழமை கத்துவான். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி மனதைத் தேற்றி வையுங்கள், ஏனென்றால் அந்தக் கிழமையில் ஒருமுறை திறந்துவிட்டாலும் கத்தினால் திறக்கும் என்று அவன் படித்துக்கொள்வான்.

செய்யும் முறை. வலைக்கதவின் கீழ்ப்பகுதியில் உள்ள வலையைக் கழற்றி, இரு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே தண்ணீர் தாங்கும் பிளைவூட் பலகை ஒன்றை இறக்க வேண்டும். முழங்கால் உயரம் வரை போதும். பூனைக்கதவு அந்தப் பலகையில் வரும். நாளை வேண்டாமென்றால் பலகையைக் கழற்றி வலையை அடித்துவிடலாம், வீட்டில் ஒரு காயமும் இருக்காது. பலகைக்கு மேலே உள்ள வலையையும் மாற்றுங்கள். நைலோன் வலை நகத்துக்கு நிற்காது. அலுமினிய வலை அதைவிடத் தாங்கும்.

உயரத்தை ஊகிக்காதீர்கள். கறுவலைச் சமதரையில் நிற்கவிட்டு, தரையிலிருந்து வயிறு வரை அளந்து பாருங்கள். ஓட்டையின் கீழ் விளிம்பு அந்த மட்டத்தில் இருந்தால் அவன் காலைத் தூக்கி வைத்துச் சுகமாகப் போவான். வளர்ந்த பூனைக்கு அது 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை வரும். உங்கள் வாசலில் வெளிப்படி தாழ்வாக இருந்தால் வெளியிலிருந்து அளந்தும் பாருங்கள். வெளியே அதிக உயரம் என்றால் ஒரு சீமெந்துக் கல்லைப் படியாக வைத்துவிடலாம். கடுவன் என்பதால் தோள் அகலத்தையும் அளந்து மச்சாளிடம் சொல்லுங்கள். சிறிய கதவை அனுப்பிவிட்டால் பிறகு கவலை.

பலகையில் கோடு போட்டதும் நான்கு மூலையிலும் துறப்பணத்தால் துளைத்து, அந்தத் துளைகளுக்குள் வாளை விட்டு அறுக்க வேண்டும். அறுத்த விளிம்பு முழுவதற்கும் பெயின்ற் அடித்த பிறகே கதவைப் பொருத்துங்கள். பெயின்ற் படாத விளிம்பு மாரியில் தண்ணீர் குடித்து ஊதும், மடல் இறுகிப்போகும். திருகாணி துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள். எங்கள் உப்புக்காற்றுக்கு மற்றவை நிற்பதில்லை.

வாடைக்கு: மடலின் அடியில் காந்தம் இருக்கும் கதவாகவும், சுற்றிவரத் தூரிகை போன்ற மயிர்ப்பட்டி உள்ளதாகவும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். காந்தம் மடலை நடுவில் பிடித்துவைக்கும். மயிர்ப்பட்டி நுளம்பு நுழையும் இடைவெளியையும் மூடும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகலில் திறந்திருக்கும் வழிக்கு இந்தப் பட்டி கட்டாயம் வேண்டும். மேலே சிறு தகரக் கூரை ஒன்று அடித்தால் சாரலும் அடிக்காது.

கறுவலைப் பிடித்துத் தள்ளிப் பழக்காதீர்கள். ஒருமுறை பயந்தால் அந்தப் பக்கமே வர மாட்டான். முதலில் மடலை மேலே தூக்கி ரேப் ஒட்டி, வெறும் ஓட்டையாக விடுங்கள். மறுபக்கத்தில் நெத்தலிக் கருவாடு ஒன்றை வையுங்கள். போய் வரத் தொடங்கியதும் மடலைப் பாதி இறக்குங்கள், பிறகு முழுதாக. காந்தத்தின் 'டக்' என்ற சத்தம்தான் பூனைகளை மிரட்டும். முடிந்தால் காந்தத்தைக் கடைசியாக மாட்டுங்கள்.

லண்டன் வாசி எழுதியது:

பக்கத்து வளவுக் கடுவனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வாரம் கடந்த வீட்டுப் பூனைகளுக்கு மைக்ரோசிப் கட்டாயம். அரிசிமணி அளவிலான அந்தச் சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் வைப்பார்கள், அதில் 15 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணைப் படித்து, நம் பூனைக்கு மட்டும் பூட்டுத் திறக்கும் கதவுகள் இங்கே விற்கின்றன. எங்கள் வீட்டில் இருப்பதும் அதுவே. பற்றரியில் ஓடுவதால் மின்வெட்டு பற்றிக் கவலை இல்லை. சிப் வைக்க வசதி இல்லையென்றால் கழுத்துப்பட்டியில் தொங்கவிடும் சிறு வில்லையையும் பல கதவுகள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பட்டி இழுத்தால் கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும். கிளுவை வேலியில் மாட்டிக்கொண்டால் பூனையின் கழுத்து இறுகிவிடும்.

வாங்குமுன் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். சாதாரணச் சிப் கதவுகள் உள்ளே வரும் பூனையை மட்டும்தான் சோதிக்கும். வெளியே போகும்போதும் சோதிப்பவை வேறு வகை, விலையும் கூட. உங்கள் தேவைக்கு முதல் வகை போதும்.

திருநெல்வேலி எழுதியது:

அக்கா, கறுவலுக்குக் கருத்தடை செய்தாகிவிட்டதா? செய்யாத கடுவன் இரவில் வெளியே போகத்தான் துடிக்கும், சாப்பாட்டு நேரத்தை மாற்றினாலும் கேட்காது. செய்தால் ஊர் சுற்றுவதும், சண்டையும், சுவரில் மூத்திரம் அடிப்பதும் பெரும்பாலும் குறையும். மிருக வைத்தியரிடம் போகும் அன்றே விசர்நோய்த் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள், ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். வெளியே சுற்றிவிட்டு அம்மாவின் காலடியில் படுக்கும் பூனை அது.

கொக்குவில் வளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தம்பி சொன்னபடி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கிணற்றடிப் பக்கம் நின்று தங்கச்சியின் மகள் டோர்ச் அடித்தாள். கதவின் இடது மூலையில் என் சின்னவிரல் முழுதாகப் போகிறது. இத்தனை வருடமும் இந்தக் கதவுக்குப் பின்னால்தான் நிம்மதியாகப் படுத்திருக்கிறோம். தென்மராட்சி அண்ணா, நீங்கள் எச்சரித்திருக்காவிட்டால் இந்தப் பேச்சே வந்திருக்காது. இந்தக் கிழமைக்குள் ரப்பர் அடித்துவிடுவேன்.

வலைக்கதவில் வைப்பது என்று முடிவெடுத்துவிட்டோம். வேப்பங்கதவை வெட்டத் தேவையில்லை என்றதும் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கறுவலுக்குக் கருத்தடை செய்யவில்லை. கதவு வந்து சேருமுன் அதை முடித்துவிடுகிறேன். மச்சாளிடம் உள்ளே வருவதைச் சோதிக்கும் சிப் கதவு என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி, ஒரு கேள்வி. எங்கள் வலைக்கதவு மெல்லிய சட்டத்தில் செய்தது. பலகையும் கதவும் ஏறினால் பாரம் தாங்குமா? இப்போதே திறக்கும்போது அடி கொஞ்சம் நிலத்தில் உரசுகிறது.

ஓடாவி வீட்டுப் பிள்ளை எழுதியது:

உரசுகிறது என்றால் பிணைச்சல் (கீல்) ஏற்கெனவே இறங்கிவிட்டது. பாரம் ஏற்றினால் இன்னும் இறங்கும். இரண்டு பிணைச்சல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நடுவில் மூன்றாவது ஒன்றைப் போடுங்கள், மேலே உள்ளதைக் கழற்றி நீளமான திருகாணியால் இறுக்குங்கள். பிளைவூட்டை 12 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாகப் போட வேண்டாம். பலகை வாங்குமுன் ஒன்று: பூனைக்கதவுடன் வரும் தாளில் எவ்வளவு தடிப்புக்குப் பொருந்தும் என்று போட்டிருப்பார்கள். மச்சாளை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பிறகு பலகையை வாங்குவோம்.