வேறு யாருடைய பில்லும் பாலிசியும் என் ஜிமெயிலுக்கு வருகிறது, அக்கவுண்ட் ஹேக் ஆகிவிட்டதா?

பட்டர்வொர்த்காரன்

வணக்கம். சில மாதங்களாக என் ஜிமெயிலுக்கு எனக்குச் சம்பந்தமே இல்லாத கடிதங்கள் வருகின்றன. ஸ்பேம் என்றால் அழித்துவிட்டுப் போய்விடுவேன், இதெல்லாம் அசல். கிள்ளானில் ஒரு கார் பட்டறை "உங்கள் காடிக்கு சர்வீஸ் நேரம் வந்துவிட்டது" என்கிறது, ஒரு கொண்டோ நிர்வாகம் பராமரிப்புக் கட்டணப் பாக்கியைக் கேட்கிறது, ஒரு பாலர் பள்ளி நாளைக்குப் பிள்ளைக்கு மஞ்சள் சட்டை போட்டு அனுப்பச் சொல்கிறது (போட்டு அனுப்பினார்களோ என்னவோ). போன வாரம் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பாலிசியே பிடிஎஃப்பாக வந்து சேர்ந்தது. பெயர் என் பெயர்தான், ஏ/எல்லுக்கு ('இன்னாரின் மகன்' என்பதன் மலாய்ச் சுருக்கம்) பிறகு வரும் அப்பா பெயர்தான் வேறு.

ஒன்று கவனித்தேன். என் முகவரியில் இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு புள்ளி உண்டு. இந்தக் கடிதங்கள் எல்லாம் புள்ளி இல்லாத முகவரிக்கு அனுப்பப்பட்டவை. அக்காள் மகன் என்ன சொல்கிறான் என்றால், புள்ளி இல்லாதது அந்தக் கிள்ளான் ஆளுடையது, கூகுள் இரண்டையும் குழப்புகிறது என்கிறான். அப்படியானால் என் பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் அவருக்குப் போகிறதா? இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் போட்டால், உறுதிப்படுத்த ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணைக் கேட்கிறார்கள். என் எண்ணைச் சொன்னால் "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லையே சார், அவர் கணக்கில் நீங்கள் சொல்லி மின்னஞ்சலை மாற்ற முடியாது" என்கிறார்கள். அதைத்தானே அம்மா நானும் சொல்கிறேன், நான் அவர் இல்லை என்று! யாராவது வழி சொல்லுங்கள்.

செந்தூல் சர்வர்

பயப்படாதீர்கள் அண்ணே, அவர் உங்கள் கடிதம் எதையும் படிக்கவில்லை. ஜிமெயில் புள்ளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. புள்ளி இல்லாமல் எழுதினாலும், ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் புள்ளி வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிதான், அது உங்களுடையது. புள்ளி இல்லாததை இன்னொருவர் பதியப் போனால் கூகுள் விடாது. அக்காள் மகனிடம் சொல்லிவிடுங்கள்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், எல்லா இடத்திலும் இப்படி இல்லை. @ குறிக்கு முன்னால் இருப்பதை எப்படிப் படிப்பது என்பதைக் கடிதத்தைப் பெறுகிற சர்வரே முடிவு செய்யட்டும் என்று மின்னஞ்சல் விதிமுறை (2008இல் வந்த ஆர்எஃப்சி 5321) விட்டுவிட்டது. அதனால் அவுட்லுக்கில் புள்ளி வைத்தால் வேறு முகவரி. கூகுளிலேயே கூட, கம்பெனியோ பள்ளியோ தன் சொந்த டொமைனில் (@ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) கொடுக்கும் அக்கவுண்ட் என்றால் புள்ளிக்கு மதிப்பு உண்டு.

உங்கள் முகவரியில் எண் எதுவும் இல்லை அல்லவா? ஆரம்ப காலத்தில் எடுத்திருப்பீர்கள். ஜிமெயில் 2004 ஏப்ரல் 1இல் வந்தது, எல்லாருக்கும் திறந்துவிட்டது 2007 பிப்ரவரியில்தான், அதுவரை பெரும்பாலும் அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியும். அப்போது சுத்தமான பெயரைப் பிடித்தவர்கள் எல்லாருக்கும் இன்று இந்தத் தலைவலி உண்டு. பின்னால் வந்த அதே பெயர்க்காரர்களுக்குப் பெயரோடு 77, 1985 என்று ஏதாவது ஒட்டித்தான் கிடைத்தது. அவர் எண்ணைச் சொல்ல மறந்தால், அல்லது கேட்டவர் எழுத மறந்தால், கடிதம் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது.

என்றாலும் மனத் திருப்திக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, பக்கத்தின் கீழே வலது மூலையில் 'டீட்டெயில்ஸ்' என்று சின்னதாக இருக்கும், அதில் கடைசியாக யார் எங்கிருந்து நுழைந்தார்கள் என்பது தெரியும். செட்டிங்ஸில் ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும் காலியா என்று பாருங்கள். ஹேக் செய்கிறவன், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் கடிதம் தனக்குத் தொடர்ந்து வரட்டும் என்று அங்கேதான் கை வைப்பான்.

கெப்போங் தம்பி

இவ்வளவு யோசிப்பானேன்? அந்தப் பட்டறை, கொண்டோ ஆப் எல்லாவற்றிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்துங்கள், லிங்க் உங்களுக்குத்தான் வரும். உள்ளே போய் மின்னஞ்சலை மாற்றிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

செந்தூல் சர்வர்

தம்பி, அது இன்னொருவருடைய அக்கவுண்ட். கடிதம் உன் பெட்டிக்கு வந்தது என்பதால் அக்கவுண்டும் உன்னுடையதாகிவிடாது. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் பிரிவு 3, அனுமதி இல்லாமல் நுழைந்தாலே குற்றம், 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அண்ணே, இவன் சொல்வதைக் கேட்காதீர்கள்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. இப்படி வருவதெல்லாம் அப்பாவித் தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாதச் சந்தா கட்டும் படச் சேவையில் ஒருவன் உங்கள் முகவரியைப் புள்ளி மாற்றிப் போட்டு அக்கவுண்ட் திறக்கிறான், கொஞ்ச நாளில் செல்லாமல் போகும் கார்டு ஒன்றைக் கொடுக்கிறான். பிறகு அந்த நிறுவனமே உங்களுக்கு எழுதும், "பணம் எடுக்க முடியவில்லை, கார்டை மாற்றுங்கள்" என்று. கடிதம் அசல், லிங்க் அசல், எதைச் சோதித்தாலும் சரியாகவே இருக்கும். நீங்களும் அதே சேவையை வைத்திருந்தால் யோசிக்காமல் உங்கள் கார்டைப் போட்டுவிடுவீர்கள், அவன் உங்கள் செலவில் படம் பார்ப்பான். அதனால் கட்டணம் பற்றி எந்தக் கடிதம் வந்தாலும் லிங்க்கை விட்டுவிட்டு நீங்களே ஆப்பைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஆயர் ஈத்தாம் அக்கா

நான் ஒரு கிளினிக் கவுண்டரில் பல வருஷம் வேலை பார்த்தவள், அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். பாரத்தில் மின்னஞ்சல் கட்டாயம், நட்சத்திரக் குறி போட்டிருக்கும், அதை நிரப்பாமல் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. எதிரே நிற்கும் தாத்தாவுக்கு மின்னஞ்சலே கிடையாது. பின்னால் வரிசை நீளுகிறது. அப்போது கவுண்டர் பிள்ளை என்ன செய்யும்? பெயரைச் சேர்த்து எழுதி ஜிமெயில் என்று போட்டுவிடும். மின்னஞ்சல் உள்ளவர்களும் வாயால்தான் சொல்வார்கள், முகமூடி போட்ட காலத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து கேட்டால் ஆங்கில 'எம்' எழுத்தும் 'என்' எழுத்தும் காதில் ஒன்றாகத்தான் விழுந்தது.

தப்பு அந்தப் பிள்ளைமேல் இல்லை. "இது உங்கள் முகவரிதானா, இதை அழுத்துங்கள்" என்று முதலில் ஒரே ஒரு கடிதம் அனுப்பி, அழுத்தினால்தான் மற்றதை அனுப்புவது என்று சிஸ்டத்தில் வைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. கடையில் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புகிறவர்கள் கூட இதைச் செய்கிறார்கள், பாலிசி அனுப்புகிறவர்கள் செய்வதில்லை. எனக்கு இதில்தான் கோபம்.

பிடிஎஃப் பூட்டியிருக்கும், அதனால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல இடங்களில் பாஸ்வேர்டு ஐசி எண்ணிலிருந்துதான் வரும். ஐசியின் 12 எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. கடைசி நான்கு எண்தான் பாஸ்வேர்டு என்றால் மொத்தமே 10,000 வாய்ப்பு, ஏ/எல் என்று பார்த்ததுமே அதுவும் 5,000 ஆகிவிடும். கணினிக்கு அது ஒரு வேலையா?

பட்டர்வொர்த்காரன்

எல்லாருக்கும் நன்றி. டீட்டெயில்ஸ் பார்த்தேன், என் போனும் என் கணினியும்தான் இருக்கின்றன. பட்டறைக்குப் போன் செய்தேன், அங்கே இருந்த பையன் ஐசி கீசி எதுவும் கேட்கவில்லை, "ஓ, தப்பாகப் போய்விட்டதா, நான் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்" என்று வைத்துவிட்டான். மாலையே அந்தக் கிள்ளான் ஆள் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், அவர் முகவரியில் கடைசியில் இரண்டு எண் உண்டாம். கொண்டோவிலும் பள்ளியிலும் அவரே மாற்றிவிடுவதாகச் சொன்னார். ஆனால் அந்தப் பாலிசி அவருடையது இல்லையாம்! அதே பெயரில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். காப்புறுதி நிறுவனம் பழைய பாட்டையே பாடுகிறது. விளம்பரம் என்றால் ஜிமெயிலே மேலே காட்டும் 'அன்சப்ஸ்கிரைப்'பை அழுத்தலாம், பாலிசிக்கு அந்தப் பொத்தானே இல்லை.

கிள்ளான் குமாஸ்தா

நீங்கள் கேட்கிற விதத்தை மாற்றுங்கள் சார். "மின்னஞ்சலை மாற்றுங்கள்" என்றால் அது வாடிக்கையாளர் கணக்கில் செய்யும் மாற்றம், கவுண்டரில் உள்ளவருக்கு அந்த அதிகாரம் இல்லை. "உங்கள் வாடிக்கையாளருடைய தனிப்பட்ட தகவலை நீங்கள் வெளியாளான எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்" என்று எழுதுங்கள். அது வேறு மேசைக்குப் போகும். போனில் வேண்டாம், எழுத்தில்.

2010ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 11, வைத்திருக்கும் தகவல் சரியாக இருக்க நிறுவனம் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தகவல் வெளியே போனால் அறிவிக்க வேண்டும், பெரிய அளவில் தரவு வைத்திருப்பவர்கள் அதற்கென்று ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பதெல்லாம் 2025 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த அதிகாரியின் முகவரி அவர்களுடைய இணையப் பக்கத்தில் தனியுரிமை அறிவிப்பில் இருக்கும், அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது சட்டம், தேடினால் கிடைத்துவிடும்.

கடிதத்தில் பாலிசி எண், எந்தெந்தத் தேதிகளில் வந்தது என்பது மட்டும் போதும். பிடிஎஃப்பை இணைக்காதீர்கள், அதைத் திறந்து பார்க்கவும் முயலாதீர்கள். வந்தவற்றை அழிக்க வேண்டாம், அனுப்புநர் முகவரியை வைத்து ஒரு ஃபில்டர் போட்டுத் தனி லேபிளுக்குத் தள்ளிவிடுங்கள், இன்பாக்ஸும் சுத்தமாக இருக்கும், கேட்டால் காட்டவும் இருக்கும். பதில் வராவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் செய்யலாம். நாளைக்கே அரசாங்க இலாகா ஒன்று இப்படித் தப்பாக அனுப்பினால் மட்டும் இந்தச் சட்டத்தைக் காட்டாதீர்கள், மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இது செல்லாது. அப்போது நேரில் போய் கவுண்டரில் நிற்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.