கருப்பு நாய், நார்வே ஈஸ்ட், பாளைக் கள்: எங்கள் சுவைக் குழுவின் அனுபவங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து, குழுவைத் தொடங்கியவன்:

ஆறு பேர் சேர்ந்து மூன்று வருடங்களாக மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். சந்தைக்குப் பின்னால் இருக்கும் சீனர் கொப்பிக் கடையின் மூலை மேசைதான் எங்கள் இடம். அம்மாவிடம் "கூட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். கோயில் கமிட்டிக் கூட்டம் என்று அவராகவே நினைத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை. ஒருநாள் கோயில் தலைவரே வீட்டுக்கு வந்து, "உங்கள் மகனைக் கூட்டத்துப் பக்கமே காணோமே, உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அதோடு அந்த வழி அடைபட்டது.

புதிதாக வரும் தம்பிகள் எல்லாரும் கேட்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இங்கே பீர் காய்ச்சுவதில்லை. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுச் சமையலறையில், சொந்தக் குடிப்புக்கு என்றாலும் அதே கதைதான். 21 வயது ஆகாதவர்களையும் சேர்த்துக்கொள்வதில்லை. 2017 டிசம்பர் வரை சட்டப்படி அந்த வயது 18ஆக இருந்தது, நம் தம்பிகள் சிலர் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறார்கள். நாங்கள் செய்வது வாங்கிச் சுவைப்பது, குறித்துக்கொள்வது, சண்டை போடுவது.

கடைக்கார அங்கிள் எங்களுக்கு முதல் வாத்தியார். ஸ்டௌட் என்னும் கருப்புப் பீர் கேட்டால் உள்ளே திரும்பி "ஓர் காவ்" என்று குரல் கொடுப்பார். ஹொக்கியனில் கருப்பு நாய். அந்தக் காலத்தில் கின்னஸ் புட்டியில் நாய்த்தலை ஒட்டுச்சீட்டு இருந்ததாம், அதிலிருந்து வந்த பெயர். பெயர் தெரியாத எங்கள் தாத்தாமார்கள் படத்தைக் காட்டித்தான் வாங்கியிருப்பார்கள். ஆறு தேநீர்க் கிளாஸ், ஒரு புட்டி. முதலில் மூக்கு, பிறகு வாய். கருகிய கொப்பி, கொஞ்சம் கருப்பட்டி, அடியில் சோயா சாஸ் என்று ஒருவர் எழுதினார். சோயா சாஸா என்று எல்லாரும் சிரித்தோம். மறு வாய் வைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அது அங்கேதான் இருந்தது.

சொல்ல வேண்டியது எங்கள் வெயில் சோதனையை. ஒரே வகைப் பீர், பச்சைக் கண்ணாடிப் புட்டி, மூன்று. ஒன்று குளிர்ப்பெட்டியில். ஒன்று என் வீட்டு ஜிங்க் கூரைக்கு அடியில், பரணில், ஐந்து வாரம். மூன்றாவதை மதிய வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி குளிரவைத்தோம். எது எது என்று தெரியாமல் ஊற்றிக் கொடுத்தோம். பரணில் கிடந்தது நனைந்த அட்டைப்பெட்டி போல இருந்தது. உள்ளே அடைபட்ட கொஞ்சக் காற்றும் சூடும் சேர்ந்து செய்த வேலை. வெயில் பட்டதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. ஏதோ கெட்ட நாற்றம், பழகிய நாற்றம். ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்த அண்ணன் ஒருவர் கிளாஸை இரண்டு முறை முகர்ந்தார். "பால் கொட்டகைக்குப் பின்னால் கட்டிப்பால் குவித்து வைப்பார்களே, அந்த இடம்" என்றார். அவ்வளவுதான், ஆறு பேரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டோம். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவில் இருந்து வரும் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைப்பதால் அந்த நாற்றம் வருகிறது. பழுப்புப் புட்டி ஓரளவு தடுக்கும், தகர டின் முழுதாகத் தடுக்கும். அன்றிலிருந்து கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டுக் காட்டும் கடைகளில் நான் பச்சைப் புட்டி வாங்குவதில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து, வாசகர்:

ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற பீர் வகையில் முதல் எழுத்து இந்தியாவாமே, நம் ஆட்கள் கண்டுபிடித்ததா?

சுங்கை சிப்புட்டிலிருந்து, குழுவைத் தொடங்கியவன்:

இல்லை, இங்கிலாந்தில் காய்ச்சி இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் அனுப்பியது. நீண்ட பயணத்தில் கெடாமல் இருக்க ஹாப்ஸ் அதிகம். நம் தாத்தாமார்களும் கப்பலில்தான் வந்தார்கள், அவர்களுக்கு யாரும் எதையும் அதிகம் போடவில்லை. முதன்முதலில் குடித்த எங்கள் அண்ணன், "பாகற்காயைப் பிழிந்து இதற்கு 28 ரிங்கிட்டா?" என்றார். இப்போது அவர்தான் அதைத் தேடி வாங்குகிறார்.

சிங்கப்பூரில் வேலை, வீடு சுங்கை சிப்புட்:

அண்ணன் சுவைக்கிறவர், காய்ச்சுகிறவன் நான். உட்லண்ட்ஸில் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். சிங்கப்பூரில் ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை சொந்தக் குடிப்புக்குப் பீர் காய்ச்சிக்கொள்ள உரிமம் வேண்டாம். விற்கக் கூடாது, சாராயம் வடிக்கக் கூடாது. ஊருக்குக் கொண்டுவா என்று யாரும் கேட்காதீர்கள். வேண்டுமானால் நீங்கள் உட்லண்ட்ஸுக்கு வாருங்கள்.

முதல் முறை 20 லிட்டர். ஈஸ்ட் பொட்டலத்தில் 18 முதல் 22 பாகை வரை என்று போட்டிருந்தது. என் கட்டிலுக்கு அடியில் 31. குமிழி விடுவது இரண்டே நாளில் நின்றுவிட்டது. கரைந்திருக்கும் சீனியைக் காட்டும் அடர்த்திமானியை விட்டுப் பார்த்தேன்: தொடக்கத்தில் 1.048, இப்போது 1.010. வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5 சதவீதம் ஆல்கஹால். பெருமையாக அறைத் தோழர்களுக்கு ஊற்றினேன். முதல் வாயில் வாழைப்பழம், இரண்டாம் வாயில் சாயக்கடைத் தின்னர். மறுநாள் நால்வருக்கும் தலை பிளந்தது. சூட்டில் ஈஸ்ட் அவசரப்பட்டு வேண்டாத ஆல்கஹால்களையும் சேர்த்து விட்டுவிடும் என்று பிறகுதான் படித்தேன். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நிற்கும் ஆளை விரட்டினால் வேலை முடியும், சுத்தமாக முடியாது. ஈஸ்டும் அப்படித்தான்.

அடுத்த முறை வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஈரச் சட்டையைப் போர்த்தி, மின்விசிறியைத் திருப்பிவிட்டேன். 26 வரை இறங்கியது. பீர் நன்றாக வந்தது. புட்டியில் அடைக்கும்போதுதான் புத்தி கெட்டது. கரியமில வாயு ஏறுவதற்கு 20 லிட்டருக்கு 120 கிராம் சீனி போதும். நான் நிறுக்கவில்லை, கரண்டியால் கண்ணளவாகப் போட்டேன். சில புட்டிகளுக்கு இரண்டு தடவை போட்டிருக்கிறேன் போல. பத்தாம் நாள் இரவு 2 மணிக்கு முதல் வெடி. காஸ் தோம்பு என்று நினைத்து நால்வரும் லுங்கியோடு தாழ்வாரத்துக்கு ஓடினோம். உள்ளே இரண்டாவது, மூன்றாவது. விடிந்து பார்த்தால் கூரை வரை பீர், சுவரில் கண்ணாடிச் சில்லு. எறும்பு ஒரு வாரம் போகவில்லை. யாராவது உள்ளே படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. தராசு இல்லாதவன் புட்டியில் அடைக்கக் கூடாது.

நான்காம் முறைதான் வழி கிடைத்தது. நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் ஈஸ்ட் வகை, க்வைக் என்று பெயர். 35 பாகையிலும் சுத்தமாக வேலை செய்யும். பனி கொட்டும் ஊர்க்காரனிடம் நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்ற ஈஸ்ட் இருக்கிறது! அவர்கள் அதை மரவளையத்தில் தோய்த்துக் காயவைத்து, அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துப் போடுவார்களாம். தொட்டி, ஈரச் சட்டை, விசிறி எதுவும் இல்லாமல் மூன்று நாளில் முடிந்தது. தோடம்பழத் தோல் வாசம். தலைவலி இல்லை.

ஈப்போவிலிருந்து, குழுவின் ஒரே பெண்:

என்னைச் சேர்த்துக்கொண்டதே வண்டி ஓட்டுவதற்குத்தான், அதை யாரும் இங்கே சொல்லவில்லை. நான் ஒரு மடக்கு சுவைத்துத் துப்பிவிடுவேன். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வதால் மூக்கு இவர்களுடையதை விட நன்றாகவே இருக்கிறது.

என் தாத்தா சம்சு என்னும் மலிவுச் சாராயத்தில் போனவர். ஆகவே முதல் கூட்டத்தில் என் முதல் கேள்வி மெத்தனால் பற்றித்தான். தானியத்தைக் காய்ச்சிப் புளிக்கவைக்கும் பீரில் அது ஆளைக் கொல்லும் அளவுக்கு வராது. கொல்வது, தொழிற்சாலைக்கு உரிய மெத்தனாலைக் கலந்து விற்கும் மலிவுச் சரக்கு. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் அப்படித்தான் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இறந்தவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் நம் ஆட்கள் இருந்தார்கள்.

பாட்டியிடம் குழுவைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் சம்பள நாளில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நின்றவர் அவர். 1947இல் கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து காவல்துறையோடு மோதிய செய்தியை இன்றைக்கும் நேற்று நடந்தது போலச் சொல்வார். பாட்டி கேட்டது ஒரே கேள்விதான். "சம்பளத்துக்கு முந்தி கூடுகிறீர்களா, பிந்தியா?"

பிந்தி. முதல் சனிக்கிழமை. நான் பதில் சொல்லவில்லை, அவர் மேலே கேட்கவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் சொன்னேன். அன்றிலிருந்து கடைசிச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். பையில் காசு இல்லாததால் ஆறு பேருக்கு ஒரே புட்டி என்பது அதற்குப் பிறகுதான் வழக்கமானது. அண்ணன் ஏதோ சுவைக் கலை போல எழுதியிருக்கிறார்.

தெலுக் இந்தானிலிருந்து:

பாகான் டத்தோ பயணத்தை நான் எழுதுகிறேன், ஏற்பாடு என்னுடையது. அந்தப் பக்கம் தென்னைக்குப் பேர்போனது. உரிமம் உள்ள கடைக்குக் கள் இறக்கும் பெரியவர் ஒருவர், எழுபதை ஒட்டிய வயது. காலை 7 மணிக்கு நாங்கள் போனபோது மரத்தின் மேல் இருந்தார். விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. நுனியைக் கத்தியால் சீவினார், ஒரு காகிதத் தடிமனுக்கு மேல் இல்லை. சீவிய இடத்தில் நீர் கோத்துச் சொட்டியது. இதைக் காலையும் மாலையும் தவறாமல் செய்ய வேண்டும், ஒரு வேளை விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும் என்றார். தீபாவளிக்கும் ஏறுவாராம்.

சிங்கப்பூர்த் தம்பி அடர்த்திமானியைக் கொண்டுவந்திருந்தான். இறக்கிய கையோடு அளந்தான்: 1.040ஐ ஒட்டி. இனிப்பு, லேசான நுரை, இளநீரும் ரொட்டி மாவும் கலந்த வாசம். அதையே நிழலில் வைத்து மாலை 4 மணிக்கு அளந்தபோது 1.018. இனிப்பு போய் நாக்கைக் கிள்ளியது. மறுநாள் வைத்தால் புளிப்பு, அதற்கும் மேல் காடி. நாங்கள் மூன்று நாள், பத்து நாள் என்று கணக்குப் போடுவதை அந்தக் கள் முட்டி ஒரு பகலில் முடித்துவிட்டது.

"ஈஸ்ட் எங்கே போடுகிறீர்கள், ஐயா?" என்று தம்பி கேட்டான். பெரியவருக்குப் புரியவில்லை. சுத்தம் செய்வது எப்படி என்று மாற்றிக் கேட்டான். முட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வெறும் தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றிவிட்டு, உள்ளே விரலை விட்டுக் காட்டினார். விரல் நுனியில் வெள்ளையாய் மண்டி. "சோப்புப் போட்டால் கள் ஊமையாகிவிடும் தம்பி. இது இருந்தால்தான் பேசும். பதநீர் வேண்டுமென்றால் சுண்ணாம்பு தடவுவேன், அப்போது வாயைத் திறக்காது."

தம்பி என்னைப் பார்த்தான். நார்வேக்காரனின் மரவளையத்துக்குக் கப்பல் செலவு கட்டி 40 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தவன் அவன். ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் சரக்கு இந்தப் பெரியவரின் விரல் நுனியில் இருந்தது. நாங்கள் கொண்டுபோன ஸ்டௌட்டை அவருக்கு ஊற்றிக் கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். "செத்துப் போயிருக்கிறது" என்றார். வடிகட்டிச் சூடுகாட்டிய பீர் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை.

ஈப்போவிலிருந்து:

திரும்பி வந்த கதையை யாரும் எழுத மாட்டார்கள், நானே எழுதுகிறேன். தம்பி அந்த மண்டியைக் கெஞ்சி வாங்கி, மினரல் தண்ணீர் போத்தலில் முக்கால்வாசி கள்ளோடு ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறான். மூன்று புட்டியைக் கூரைக்கு அனுப்பியவன்! தெலுக் இந்தானைத் தாண்டி ஒரு கால் மணி நேரம். டமால். பின்னிருக்கை, கூரை, ஜன்னல், ஐந்து ஆண்களின் தலை, எல்லாம் கள்.

அடுத்த வளைவில் போலீஸ் சாலைத் தடுப்பு. கண்ணாடியை இறக்கியதும் அந்த அதிகாரி ஒரு அடி பின்வாங்கினார். ஊதச் சொன்னார். 2020 அக்டோபரிலிருந்து இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை, முன்பு 80. நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தவள், ஊதினேன், பூச்சியம். அவர் கருவியைத் தட்டிப் பார்த்து மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் பூச்சியம். டார்ச் விளக்கைப் பின்னால் அடித்தார். தலையிலிருந்து சொட்டச் சொட்ட ஐந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் பேசாமல் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மறுநாள் இரண்டு தடவை கழுவி, சாம்பிராணி போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தும் வாசம் போகவில்லை. வேன் கோயில் தலைவருடையது.